பெர்லினில் வார இறுதி: பரிமாற்ற மாணவர்களுக்கான வழிகாட்டி

ஏ.எஃப்.எஸ்., ரோட்டரி, ஒய்.எஃப்.யூ. போன்ற மாணவர் பரிமாற்ற அமைப்புகளின் வழியாக ஒரு பள்ளியாண்டையோ அதில் பாதியையோ ஜெர்மனியில் கழிக்க வரும் 15 முதல் 18 வயது வரையிலான மாணவர்களுக்கு, வாரநாள்கள் அவ்வளவாகச் சிரமம் தருவதில்லை. காலையில் எத்தனை மணிக்கு எழ வேண்டும், எந்த வகுப்பு எங்கே நடக்கும், இரவு உணவு எப்போது என்பதையெல்லாம் பள்ளியும் வீடும் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றன. வெள்ளிக்கிழமை பிற்பகல் பள்ளி விட்டதும்தான் குழப்பம் தொடங்குகிறது. 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் ஒரு நகரில், அடுத்த இரண்டு நாள்களை யாருடன், எங்கே, எவ்வளவு செலவில், எத்தனை மணி வரை கழிப்பது என்பதை மாணவரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பெர்லினுக்கு வருவோருக்காக அந்த முடிவுகளை ஒரு வரிசையில் இங்கே தந்திருக்கிறேன். வந்த முதல் மாதத்திலேயே நகரம் முழுவதையும் பார்த்துவிட முயல வேண்டாம். உங்களைத் தங்கவைத்திருக்கும் குடும்பத்தாருக்கு உங்கள் மீது நம்பிக்கை வளர வளர, நீங்கள் சென்றுவரும் தொலைவும் வளரும்படி திட்டமிடுவதே நல்லது. கீழே உள்ள வரிசையும் அந்த அடிப்படையில்தான் அமைந்துள்ளது.

முதல் படி: வியாழக்கிழமையே பேசிவிடுங்கள்

ஜெர்மானியக் குடும்பங்கள் பெரும்பாலும் வார இறுதியைச் சில நாள்களுக்கு முன்பே திட்டமிட்டுவிடும். பல வீடுகளில் சமையலறைச் சுவரிலேயே ஒரு நாள்காட்டி தொங்கும்; யாருக்கு எப்போது விளையாட்டுப் பயிற்சி, எந்த ஞாயிறு பாட்டி வீட்டுக்குப் போகிறோம் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். உங்கள் பெயருக்கும் அதில் ஓர் இடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை இரவு உணவின்போது, வீட்டாருக்கு வார இறுதியில் ஏதேனும் திட்டம் உள்ளதா என்று முதலில் கேளுங்கள். அதன் பிறகு உங்கள் விருப்பத்தைச் சொல்லுங்கள். பெரியவர்கள் அழைக்கட்டும் என்று காத்திருப்பது நம் வீடுகளில் மரியாதையாகக் கொள்ளப்படும். அங்கே அதே மௌனத்தை, இந்தப் பிள்ளைக்கு நம்மோடு வர விருப்பமில்லை போலும் என்று பொருள் கொண்டுவிடுவார்கள்.

வெளியே செல்வதாக இருந்தால் நான்கு செய்திகளைச் சொல்லிவிட வேண்டும்: எங்கே செல்கிறீர்கள், யாருடன் செல்கிறீர்கள், எந்த ரயிலில் அல்லது பேருந்தில் செல்கிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள். ஏழு மணி என்று சொல்லாமல் 19:00 என்று சொல்லிப் பழகுங்கள். பத்து நிமிடம் தாமதமானாலும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள். வெளியூரில் இரவு தங்குவது, நகர எல்லையைத் தாண்டுவது போன்றவற்றுக்கு வீட்டாரின் ஒப்புதல் மட்டும் போதாது. உங்கள் அமைப்பின் ஒருங்கிணைப்பாளரிடமும் எழுத்து வடிவில் அனுமதி பெற வேண்டியிருக்கும்.

சட்டமும் உங்கள் நேரத்தை வரையறுக்கிறது. ஜெர்மனியின் இளையோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பெரியவர் துணையில்லாமல் செல்லும் 16 வயது நிரம்பாதவர்கள் இரவு 10 மணிக்குள் முடியும் திரைப்படக் காட்சிக்கும், 16, 17 வயதினர் நள்ளிரவுக்குள் முடியும் காட்சிக்கும் மட்டுமே செல்லலாம். நடன விடுதிகளிலும் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குத் துணையின்றி இடமில்லை. பெர்லினின் புகழ்பெற்ற இரவு விடுதிகளோ பொதுவாக 18 வயது நிரம்பாதவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். பீரும் ஒயினும் 16 வயதிலேயே வாங்கலாம் என்று வகுப்பு நண்பர்கள் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் பரிமாற்ற அமைப்புகளின் விதிகள் பல வேளைகளில் சட்டத்தைவிடக் கடுமையானவை. ரோட்டரித் திட்டத்தில் மது, போதைப்பொருள், வாகனம் ஓட்டுதல், காதல் உறவு ஆகிய நான்கும் விலக்கப்பட்டவை. நீங்கள் கையெழுத்திட்ட தாளை ஒருமுறை மீண்டும் எடுத்துப் படித்துவிடுங்கள்.

இரண்டாம் படி: பயணச்சீட்டைப் புரிந்துகொள்ளுங்கள்

பெர்லினில் 1902-இல் தொடங்கிய ஊ-பான் எனும் சுரங்க ரயில், எஸ்-பான் எனும் நகர ரயில், டிராம், பேருந்து, சில படகுகள் என அனைத்துக்கும் ஒரே பயணச்சீட்டு செல்லும். நகரமும் சுற்றுப்புறமும் ஏ, பி, சி என மூன்று வளையங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. வட்டப்பாதை ரயிலுக்கு உள்ளே இருப்பது ஏ. அங்கிருந்து நகர எல்லை வரை பி. பாட்ஸ்டாம் நகரும் விமான நிலையமும் சி. அன்றாடத் தேவைக்கு ஏபி சீட்டு போதும். 2019 ஆகஸ்ட் முதல் பெர்லின் பள்ளி மாணவர்களுக்கு ஏபி வளையங்களுக்கான அட்டை இலவசமாக வழங்கப்பட்டு வருகிறது. பரிமாற்ற மாணவராக உங்களுக்கும் அது கிடைக்குமா என்று பள்ளி அலுவலகத்தில் முதல் வாரமே விசாரித்து விண்ணப்பித்துவிடுங்கள்.

அட்டை கைக்கு வரும் வரை தனிச்சீட்டுதான் வாங்க வேண்டும். குறைந்த கட்டணச் சீட்டு 14 வயது வரையிலான சிறுவர்களுக்கு மட்டுமே உரியது. பள்ளி மாணவர்தானே என்று நினைத்து 16 வயதில் அதை வாங்கினால், சீட்டில்லாமல் வந்தவராகவே கருதப்படுவீர்கள். சாதாரண ஏபி சீட்டு இரண்டு மணி நேரம், ஒரே திசையில் செல்லும். வந்த வழியே திரும்ப அதைப் பயன்படுத்த முடியாது. மூன்று ரயில் நிறுத்தங்களோ ஆறு பேருந்து நிறுத்தங்களோ மட்டும் செல்வதானால் அதற்கென மலிவான குறுந்தொலைவுச் சீட்டு உண்டு.

சென்னை மெட்ரோவில் இருப்பது போன்ற தானியங்கித் தடுப்புக் கதவுகள் பெர்லின் நிலையங்களில் இல்லை. நேராக நடந்து ரயிலில் ஏறிவிடலாம் என்பதால், சீட்டே தேவையில்லையோ என்ற எண்ணம் புதியவர்களுக்கு வருவது இயல்பு. பரிசோதகர்கள் எந்த நிறுத்தத்திலும் ஏறுவார்கள், சில வேளைகளில் சாதாரண உடையிலேயே வருவார்கள். பிடிபட்டால் 60 யூரோ அபராதம். காகிதச் சீட்டு வாங்கியிருந்தால் நடைமேடையில் உள்ள சிறு பெட்டியில் அதைச் செருகி முத்திரையிட மறக்கக் கூடாது. முத்திரை இல்லாத சீட்டுக்கும் அதே 60 யூரோதான். நான் வெளிநாட்டவன், தெரியாது என்ற விளக்கம் அங்கே எடுபடுவதில்லை.

முதல் சனிக்கிழமைக்கு நான் பரிந்துரைக்கும் பயிற்சி மிக எளிமையானது. எஸ்41 அல்லது எஸ்42 வட்டப்பாதை ரயிலில் ஏறி, ஒரு முழுச் சுற்று சுற்றி, ஏறிய இடத்திலேயே இறங்குங்கள். 37 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். எஸ்41 கடிகாரத் திசையிலும், எஸ்42 எதிர்த்திசையிலும் ஓடுகின்றன. வழிதவறிப்போக வாய்ப்பே இல்லாத பயணம் இது. எந்த நிலையத்தில் எந்தத் தடம் மாறலாம் என்பதும் மனத்தில் பதிந்துவிடும். வெள்ளி, சனி இரவுகளில் ரயில்கள் விடிய விடிய ஓடும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தாமதமானால் வீடு திரும்ப வழியுண்டு என்ற ஆறுதலுக்காக மட்டுமே அதைச் சொல்கிறேன். நேரம் கடந்து வெளியே இருப்பதற்கான காரணமாக அதை வீட்டாரிடம் முன்வைக்க வேண்டாம்.

மூன்றாம் படி: 100-ஆம் எண் பேருந்து

அடுத்த வாரம் நகரத்தின் நடுப்பகுதியைப் பார்க்கலாம். சுற்றுலாப் பேருந்துக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. மிருகக்காட்சிசாலை நிலையத்திலிருந்து அலெக்சாண்டர் சதுக்கம் வரை செல்லும் 100-ஆம் எண் மாடிப் பேருந்து, வெற்றித் தூண், குடியரசுத் தலைவரின் பெல்வியூ மாளிகை, நாடாளுமன்றம், பிராண்டன்பர்க் வாயில் ஆகியவற்றின் அருகாகவே சாதாரணச் சீட்டில் உங்களைக் கொண்டு செல்லும். மேல்தளத்தின் முன்வரிசை இருக்கைக்காக அடுத்த பேருந்து வரை காத்திருப்பதில் தவறில்லை.

நாடாளுமன்றக் கட்டடமான ரைக்ஸ்டாக்கின் கண்ணாடிக் குவிமாடத்துக்குள் ஏறிப் பார்ப்பது இலவசம். நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1999-இல் திறக்கப்பட்ட அந்தக் குவிமாடத்தின் சாய்தளப் பாதையில் நடக்கும்போது, கீழே உறுப்பினர்கள் அமரும் அவையை நோக்க முடியும். ஆனால் இணையத்தில் முன்பதிவு செய்திருக்க வேண்டும். வார இறுதி நேரங்கள் விரைவில் நிரம்பிவிடும். வாசலில் கடவுச்சீட்டையும் கேட்பார்கள்.

திசை தெரியாமல் நின்றால் வானத்தைப் பாருங்கள். 1969-இல் கிழக்கு பெர்லினில் எழுப்பப்பட்ட, 368 மீட்டர் உயரமுள்ள தொலைக்காட்சிக் கோபுரம் நடுநகரில் பெரும்பாலான இடங்களிலிருந்து கண்ணில் படும். அதன் அடியில்தான் அலெக்சாண்டர் சதுக்கம் இருக்கிறது. நடக்கும்போது நடைபாதையின் ஓரமாகச் செல்லும், பல இடங்களில் செந்நிறமாக இருக்கும் மிதிவண்டித் தடத்தில் கால் வைக்காதீர்கள். சிவப்பு விளக்கு எரியும்போது, வண்டியே வராவிட்டாலும், குழந்தைகள் அருகில் நிற்கையில் சாலையைக் கடந்தால் முன்பின் தெரியாதவர்கள்கூட உரத்துக் கண்டிப்பார்கள்.

நான்காம் படி: மதில் இருந்த இடங்கள்

இந்தப் படிக்கு மட்டும் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்; இயன்றால் இரண்டு நாள். வேறு எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடக் கூடாது என்பது என் கருத்து.

நகரம் கிழக்கு, மேற்கு எனப் பிரிந்திருந்த காலத்தில், கிழக்கு ஜெர்மனி அரசால் 1961 ஆகஸ்ட் 13 அன்று எழத் தொடங்கிய மதில் 1989 நவம்பர் 9 அன்று திறக்கப்படும் வரை, மேற்கு பெர்லின் முழுவதையும் 155 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுற்றி வளைத்திருந்தது. அதைப் புரிந்துகொள்ளப் பொருத்தமான இடம் பெர்னாவர் வீதி. எஸ்-பானில் நோர்ட்பான்ஹோஃப் நிலையத்தில் இறங்குங்கள். நகரம் பிரிந்திருந்த காலத்தில் மேற்கின் ரயில்கள் கிழக்கின் நிலத்தடியில் நிற்காமல் கடந்துசென்ற, மூடப்பட்ட நிலையங்களில் அதுவும் ஒன்று. அதைப் பற்றிய காட்சிப் பலகைகள் நிலையத்துக்குள்ளேயே உள்ளன. வெளியே வந்தால் 1.4 கிலோமீட்டர் நீளத்துக்குத் திறந்தவெளி நினைவிடம் தொடங்குகிறது. அந்த வீதியின் ஒரு பக்கத்தில் வீடுகள் கிழக்கிலும், அவற்றின் வாசலில் இருந்த நடைபாதை மேற்கிலும் இருந்தன. முன்கதவுகள் அடைக்கப்பட்டபோது மக்கள் மாடிச் சன்னல்களிலிருந்து மேற்குப் பக்கம் குதித்தார்கள். சிலர் அதில் உயிரிழந்தார்கள். எல்லைப் பகுதிக்குள் சிக்கிக்கொண்ட ஒரு தேவாலயத்தை 1985-இல் கிழக்கு ஜெர்மனி அரசு வெடிவைத்துத் தகர்த்தது. அதே இடத்தில் 2000-இல் எழுப்பப்பட்ட சிறு ஆலயம் இன்று இருக்கிறது. எதிரே உள்ள ஆவண மையத்தின் பார்வைக் கோபுரத்தில் ஏறினால், இரு சுவர்களுக்கு நடுவே காவலர்கள் கண்காணித்த நிலப்பட்டை எப்படி இருந்தது என்பதை மேலிருந்து காணலாம். இவை எதற்கும் கட்டணமில்லை.

நடுநகரில் நடக்கும்போது சாலையின் குறுக்கே இரட்டை வரிசையாகக் கற்கள் பதிக்கப்பட்டிருப்பதைக் கண்டால், அது மதில் நின்ற கோடு. 1990-இல் கலைஞர்கள் ஓவியம் தீட்டிய 1.3 கிலோமீட்டர் மதில்துண்டான ஈஸ்ட் சைட் கேலரிக்கு, படம் எடுக்க விரும்பினால், காலையிலேயே செல்லுங்கள். பிற்பகலில் கூட்டம் மறைத்துவிடும். கிழக்குக்கும் மேற்குக்கும் இடையிலான எல்லைச் சாவடியாக இருந்த செக்பாயின்ட் சார்லியில் இன்று நிற்பது ஒரு மாதிரிக் காவற்குடிலும் நினைவுப்பொருள் கடைகளும்தான். ஐந்து நிமிடத்துக்கு மேல் அங்கே செலவிட வேண்டியதில்லை. அங்கிருந்து நடந்துசெல்லும் தொலைவிலுள்ள டோப்போகிராஃபி டெஸ் டெர்ரோர்ஸ் கண்காட்சியில், நாஜி ஆட்சியின் ரகசியக் காவல்துறை இயங்கிய இடத்திலேயே அதன் வரலாற்றைக் கட்டணமின்றிப் படிக்கலாம்.

பிராண்டன்பர்க் வாயிலின் அருகே, கொல்லப்பட்ட ஐரோப்பிய யூதர்களுக்காக 2005-இல் திறக்கப்பட்ட நினைவிடத்தில் 2,711 கான்கிரீட் பாளங்கள் உள்ளன. அவற்றின் மேல் ஏறி நின்று படம் எடுக்கும் இளைஞர்களை நீங்கள் பார்க்கக்கூடும், அவர்களோடு சேராதீர்கள். இதோடு தொடர்புடைய ஓர் எச்சரிக்கையும் உண்டு. நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதும், விளையாட்டாகக்கூட அந்த முறையில் கையை உயர்த்துவதும் ஜெர்மனியில் குற்றமாகும். நம் வீடுகளில் மங்கலச் சின்னமாக விளங்கும் ஸ்வஸ்திகா பொறித்த சங்கிலியையோ பையையோ அணிந்து வெளியே செல்ல வேண்டாம். அதன் பொருளைத் தெருவில் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

பார்த்துவிட்டு வந்ததை வீட்டில் பேசுங்கள். 1989-இல் உங்கள் வயதில் இருந்தவர்கள் இன்று ஐம்பதுகளில் இருக்கிறார்கள். அந்த இரவில் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு அமைதியாக இருந்தால், கண்காட்சிப் பலகைகளில் கிடைக்காத பலவும் கிடைக்கும்.

ஐந்தாம் படி: ஞாயிற்றுக்கிழமையின் விதிகள்

ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். பல்பொருள் அங்காடி, துணிக்கடை, எழுதுபொருள் கடை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். திங்கட்கிழமைப் பள்ளிக்கு வேண்டிய நோட்டுப்புத்தகத்தைச் சனிக்கிழமை மாலைக்குள் வாங்கிவிட வேண்டும். தலைமை ரயில் நிலையத்தில் உள்ள கடைகள் விதிவிலக்கு. அடுமனைகள் சில மணி நேரம் திறந்திருக்கும். நாள் முழுவதும் அமைதி காக்க வேண்டிய நாள் என்பதால் துளையிடும் இயந்திரம், உரத்த இசை போன்றவற்றுக்கு இடமில்லை. கண்ணாடிப் புட்டிகளைத் தெருமுனைக் கொள்கலனில் போடுவதைக்கூட அன்று தவிர்ப்பார்கள்.

பிற்பகல் மூன்று, நான்கு மணியளவில் பல வீடுகளில் காபியும் கேக்கும் பரிமாறப்படும். அந்த ஒரு மணி நேரத்தை நண்பர்களுக்காக விட்டுக்கொடுக்காதீர்கள். ஊருக்குப் பேசும் அழைப்பையும் அதற்கு முன்பே முடித்துவிடலாம். பெர்லினுக்கும் இந்தியா, இலங்கைக்கும் கோடையில் மூன்றரை மணி நேரமும், குளிர்காலத்தில் நான்கரை மணி நேரமும் வேறுபாடு. பெர்லினில் காலை 10 மணி என்றால் கோடையில் ஊரில் பிற்பகல் 1:30.

காலையில் வெளியே செல்ல விரும்பினால் மவுவர்பார்க்கின் பழம்பொருள் சந்தை இருக்கிறது. கோடை மாதங்களில் அங்குள்ள திறந்தவெளி அரங்கில் யார் வேண்டுமானாலும் மேடையேறிக் கரோக்கே பாடுவார்கள். எவ்வளவு மோசமாகப் பாடினாலும் கூட்டம் கைதட்டும். மழைநாளுக்கு அருங்காட்சியகங்கள். பண்டைய எகிப்தின் நெஃபெர்டிட்டி அரசியின் மார்பளவுச் சிலை உள்ள நொயெஸ் மியூசியம் உள்ளிட்ட அரசு அருங்காட்சியகங்களில் 18 வயது நிரம்பாதவர்களுக்குக் கட்டணமில்லை. வயதைக் காட்டும் அட்டை கையில் இருக்கட்டும். புகழ்பெற்ற பெர்கமோன் அருங்காட்சியகம் 2023 அக்டோபரில் பெரும் சீரமைப்புக்காக மூடப்பட்டதால், செல்வதற்கு முன் அதன் நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம் என்று பழைய குறிப்புகள் சொல்லும். அந்தத் திட்டம் 2024-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது.

வெயில் அடித்தால் டெம்பல்ஹோஃப் திடலுக்குச் செல்லுங்கள். 1948-49-இல் சோவியத் முற்றுகையின்போது மேற்கு பெர்லினுக்கு உணவும் நிலக்கரியும் வந்திறங்கிய விமான நிலையம் அது. 2008-இல் விமானங்கள் நின்றன. 2010-இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அங்கே கட்டடம் எழுப்பும் திட்டத்தை 2014-இல் நகர மக்கள் வாக்களித்து நிராகரித்தார்கள். இன்று அதன் ஓடுபாதைகளில் மிதிவண்டியும் சக்கரக் காலணியும் ஓட்டலாம், பட்டம் விடலாம். சூரியன் மறைந்ததும் வாயில்களைப் பூட்டிவிடுவார்கள். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதால், குளிர்காலத்தில் மதிய உணவு முடிந்ததுமே கிளம்ப வேண்டும்.

செலவும் சாப்பாடும்

வெளியே மலிவாகப் பசியாறத் துருக்கியர் கடைகளின் டோனரும் (ரொட்டியில் வைத்த இறைச்சி) ஃபலாஃபலும் (கொண்டைக்கடலை வடை) உதவும். சைவ உணவு கிடைப்பதில் பெர்லினில் சிரமமில்லை. 1949-இல் ஹெர்த்தா ஹொய்வர் அறிமுகப்படுத்தியதாகச் சொல்லப்படும், கறிப்பொடி தூவிய தொத்திறைச்சியான கறிவூர்ஸ்ட்டில் பெரும்பாலும் பன்றி இறைச்சி இருக்கும். உண்ணாதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது, ஆகவே ஒரு புட்டியை வீட்டிலிருந்தே நிரப்பிக்கொள்ளலாம். கடையில் வாங்கிய, ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் புட்டிக்கும் பானத் தகர டப்பாவுக்கும் 25 சென்ட் முன்பணம் உண்டு; அங்காடியில் உள்ள இயந்திரத்தில் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் கிடைக்கும். சிறு கடைகள் சில அட்டையை ஏற்பதில்லை என்பதால் பத்து யூரோவாவது ரொக்கமாக வைத்திருங்கள்.

நம் சாப்பாட்டின் நினைவு வாட்டும் வாரங்களும் வரும். ஊ7 தடத்தில் பிளாஷ்கோஆலே நிலையத்தின் அருகே, பிரிட்ஸ் பகுதியில், ஈழத்தமிழர்கள் எழுப்பிய ஸ்ரீ மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. அங்கே செல்லலாம், ஆனால் ஒவ்வொரு வாரமும் தமிழ் பேசும் இடத்தையே தேடிச் சென்றால் ஜெர்மன் மொழி நாவில் ஏறாது. வீட்டாரையும் ஒருமுறை உடன் அழைத்துச் செல்வது அதைவிடச் சிறந்தது.

ஆறாம் படி: ஏரியும் அண்டை நகரும்

கோடை வந்ததும் பெர்லின்வாசிகள் ஏரிக்கரைகளுக்குப் படையெடுப்பார்கள். 1907-இலிருந்து இயங்கும் வான்சே ஏரியின் குளியல் கரைக்கு எஸ்-பானில் நிக்கோலாசே நிலையத்தில் இறங்கி நடக்க வேண்டும். நீந்தத் தெரியாவிட்டால் அதை நண்பர்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அங்கே பெரும்பாலான பிள்ளைகள் சிறுவயதிலேயே நீச்சல் கற்றிருப்பதால், உங்களுக்கும் தெரியும் என்றே எண்ணிக்கொள்வார்கள். குளிக்க விருப்பமில்லாதவர்களுக்கு எஃப்10 படகு: வான்சேயிலிருந்து கிளாடோ வரை ஏறத்தாழ இருபது நிமிடப் பயணம், சாதாரண ஏபி சீட்டே போதும்.

பாட்ஸ்டாமுக்கு எஸ்7 ரயில் செல்கிறது. ஏபி அட்டை வைத்திருப்போர் சி வளையத்துக்கான கூடுதல் சீட்டு எடுக்க வேண்டும். இரண்டாம் ஃபிரெடரிக் மன்னர் 1745 முதல் 1747 வரை கட்டிய சான்சூசி மாளிகையின் படிக்கட்டுத் தோட்டத்தையும் பூங்காவையும் பார்க்கவே அரைநாள் போதாது. நான்கைந்து நண்பர்கள் சேர்ந்தால் பிராண்டன்பர்க்-பெர்லின் சீட்டு வாங்குங்கள்: ஐந்து பேர் வரை ஒரே சீட்டில், சனி, ஞாயிறுகளில் நாள் முழுவதும், பெர்லின், பிராண்டன்பர்க் ஆகிய இரு மாநிலங்களின் வட்டார ரயில்களிலும் செல்லலாம். அதிவேக ரயிலில் அது செல்லாது.

போலந்து எல்லை கிழக்கே ஒன்றிரண்டு மணி நேரப் பயணத்தில் வந்துவிடும். எல்லையில் நிறுத்திக் கேட்கலாம் என்பதால் கடவுச்சீட்டின் அசலும் தங்கும் அனுமதி அட்டையும் கையில் இருக்க வேண்டும், நகல் போதாது. ஒருங்கிணைப்பாளரின் எழுத்துவழி அனுமதியை அச்செடுத்து உடன் வைத்துக்கொள்ளுங்கள். ஆவணங்களின் நகல்களை வீட்டாரிடம் விட்டுச் செல்லுங்கள். இரு நாடுகளிலும் அவசர உதவிக்கு 112-ஐ அழைக்கலாம்.